தாத்தாவின் ஃப்ளாப்பி

உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ ஒரு பழைய ஃப்ளாப்பி டிஸ்க் இருக்கிறதா? கறுப்பாகவோ நீலமாகவோ, உள்ளங்கை அகலத்துக்கு, சதுரமாக. இருந்தால் இதைப் படித்து முடித்ததும் தேடி எடுத்து வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் வெட்கக்கேடான கதை. தப்பு முழுக்க என்னுடையது என்பதால் தைரியமாகச் சொல்லலாம்.

என் அப்பா தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர். மோர்ஸ் சங்கேதத்தைக் காதால் கேட்டு, கையால் எழுதிக்கொண்டே பக்கத்து சீட்டுக்காரரிடம் அரிசி விலை பேசக்கூடியவர். தூக்கத்தில்கூட அவர் விரல் மெத்தையைத் தட்டும் என்று அம்மா சொல்வாள். 1991-ல் ரிடையர் ஆனார். ஆறு வருஷம் பேப்பர் படித்துப் பார்த்தார். அலுத்துப்போய், 1997-ல் கோடு போட்ட நோட்டு நாலு வாங்கி வந்து தன் கதையை எழுத ஆரம்பித்தார். மொத்தம் 12 அத்தியாயம். பச்சை மசி, சாய்ந்த எழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது. தந்தி எழுதிய கை.

எனக்கு அப்போது கம்ப்யூட்டர் பித்து முற்றியிருந்த சமயம். டயல்-அப் மோடம் கீச்சிடும் ஓசையை சங்கீதமாகக் கேட்டவர்களில் நானும் ஒருவன். தெருமுனை டிடிபி கடையில் ஒரு பெண்ணிடம் நோட்டுகளைக் கொடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசித் தமிழில் டைப் அடித்து வாங்கினேன். அதை வீட்டில் நோட்பேடில் போட்டு, கையாலேயே ஹெச்டிஎம்எல் எழுதி, அத்தியாயத்துக்கு ஒரு பக்கமாக 12 பக்கங்கள் செய்தேன். 1999. முதல் பக்கத்தில் 'வருக வருக' என்று வலமிருந்து இடமாக ஓடும். அந்தக் காலத்தில் எழுத்து ஓடாவிட்டால் அது வெப்சைட்டே இல்லை.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதல் கேள்வி, "இதுக்குள்ள தமிழ் எப்படிப் போகுது?"

விளக்கினேன். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு என்ன உருவம் என்று ஃபாண்ட்டில் இருக்கும்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்ப இது வாழ்த்துத் தந்தி மாதிரி."

உங்களில் பலருக்கு வாழ்த்துத் தந்தி ஞாபகம் இருக்கலாம். கல்யாணம், தீபாவளி, பொங்கல், பரீட்சையில் பாஸ், ஒவ்வொன்றுக்கும் ஆயத்த வாக்கியம் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு நம்பர். முழு வாக்கியத்தையும் தட்ட வேண்டியதில்லை. நம்பரை மட்டும் அனுப்பினால் அந்தப் பக்கத்து ஆபீஸில் பட்டியலைப் பார்த்து வாக்கியத்தை அழகான தாளில் எழுதிக் கொண்டு போய்க் கொடுப்பார்கள்.

"ஆமாம்ப்பா, அதே மாதிரிதான்."

"சரி. ஆனா அந்தப் பக்கமும் அதே பட்டியல் இருக்கணுமே. இல்லேன்னா வெறும் நம்பர்தானே போய்ச் சேரும்?"

"எல்லார்கிட்டயும் இருக்கும்ப்பா," என்று சிரித்தேன். முழுவதையும் ஒரு பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். எதற்கு வீண் செலவு, கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சு, இனி கரையானுக்கு வேலை இல்லை என்றேன். மாதிரிக்கு முதல் பக்கம் ஒன்றை மட்டும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

2005-ல் அப்பா இறந்து போனார். அடுத்த வருஷம் வீடு மாற்றினோம். நாலு நோட்டுகளும் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறின. ஏற்றியவன் நான். அதுதான் ஃப்ளாப்பியில் இருக்கிறதே.

இனி போன டிசம்பருக்கு வருவோம். என் மகள் சிநேகிதிகளுடன் தனுஷ்கோடி போய் வந்தாள். இடிந்த சர்ச், மணலில் புதைந்த ரயில்வே ஸ்டேஷன் என்று போனில் ஐநூறு போட்டோ. வந்தவள் கேட்டாள்: "தாத்தா புயல் சமயத்துல அந்தப் பக்கம்தான் வேலை பார்த்தாராமே? ஏதோ எழுதி வெச்சிருக்கார்னு சொல்வீங்களே, எங்கே?"

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் பயணிகளோடு அலையில் போயிற்று. பாம்பன் பாலம் சிதைந்தது. அந்த இரவு அப்பா ராமநாதபுரம் தந்தி ஆபீஸில் டியூட்டியில் இருந்தார். வீட்டில் அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஏழாவது அத்தியாயத்தில் எழுதியிருந்தார். டைப் அடித்து வந்ததை நான் அப்போது சரியாகப் படிக்கக்கூட இல்லை. படம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கட்டத்துக்குக் கலர் சரியா என்று பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

என் பழைய ஹார்ட் டிஸ்க் 2002-லேயே உயிரை விட்டுவிட்டது. இலவசமாக இடம் கொடுத்த ஒரு கம்பெனியில் பக்கங்களை ஏற்றி வைத்திருந்தேன். அது ஒருநாள் கடையை மூடிக்கொண்டு போயே போய்விட்டது. பாக்கி இருந்தது ஒரு ஃப்ளாப்பி. பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு.

இன்றைய லேப்டாப் எதிலும் ஃப்ளாப்பிக்கு வாய் கிடையாது. ஃப்ளாப்பி விற்பனையை சோனி 2011-லேயே நிறுத்திவிட்டது. யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்றை ஆர்டர் செய்து வாங்கினோம். ஃப்ளாப்பியைப் போட்டால் அரிசி புடைப்பது மாதிரி ஒரு சத்தம். 12 ஃபைல் பெயர்களும் திரையில் வந்தன. மகள் கைதட்டினாள்.

முதல் ஃபைலைத் திறந்தோம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆன பக்கம், இன்றைய பிரவுசரில் அப்படியே திறந்தது! நீலப் பின்னணி, கட்டம், கோடு எல்லாம் வைத்தது வைத்தபடி. 'வருக வருக'கூட ஓடியது. ஆனால் ஓடியது தமிழ் இல்லை. தொப்பி போட்ட ஏ, கொம்பு முளைத்த யூ, பவுண்டு அடையாளம், காப்பிரைட் வட்டம் என்று ஒரு சர்க்கஸ் கோஷ்டி ஊர்வலம் போயிற்று.

நம்பர் வந்து சேர்ந்துவிட்டது. பட்டியல்தான் இல்லை. அப்பா கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். அந்த நாளைய வழக்கப்படி ஓர் எழுத்துக்கு 8 பிட். அதாவது மொத்தம் 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் போய்விடும். மீதி 128-ல் தமிழ் உட்கார வேண்டும். நமக்கோ 247 எழுத்து. ஆனால் நம் எழுத்தில் ஒரு வசதி, கொம்பையும் காலையும் தனியாகக் கழற்றி வைத்தால் கொஞ்ச இடத்தில் அடக்கிவிடலாம். அடக்கினார்கள். ஆளாளுக்கு ஒரு விதமாக. ஒரு கம்பெனியின் 'க' இன்னொரு கம்பெனியில் 'ஞ' ஆக இருக்கும்.

இதைச் சரிசெய்ய முயற்சி நடக்காமல் இல்லை. இணையத்தில் பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி 'திஸ்கி' என்று ஒரு பொது அட்டவணை உண்டாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்று இரண்டு அட்டவணைகளைத் தரப்படுத்தியது. இதற்கெல்லாம் முன்பே, 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியாக 128 இடம் ஒதுக்கியிருந்தார்கள். யூனிகோடில் 'க'வின் எண் 2965. சென்னையிலும் 2965, டொராண்டோவிலும் 2965. வேறு யாரும் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. ஆனால் 1999-ல் எங்கள் வீட்டு விண்டோஸ் 98-க்குத் தமிழ் யூனிகோட் தெரியாது. டிடிபி கடைக்கு அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. பிரிண்ட் வந்தால் சரி.

ஃபாண்ட்டின் பெயர் என் ஹெச்டிஎம்எல்லிலேயே எழுதியிருந்தது. தேடினோம், அகப்படவில்லை. டிடிபி கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. பழைய எழுத்தை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் கிடைத்தவரை போட்டுப் பார்த்தோம். ஒன்றில் பாதி தமிழ், பாதி சர்க்கஸ். மற்றதில் முழு சர்க்கஸ்.

"அப்பா, தாத்தாவுக்கு ஒரு பேஜ் பிரிண்ட் குடுத்தேன்னு சொன்னீங்களே?"

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அப்பாவின் பென்ஷன் புத்தகத்துக்குள், நாலாக மடித்தபடி. அந்த ஒரு தாள்தான் எங்களுக்கு ரொசெட்டா கல். எகிப்தில் 1799-ல் கிடைத்த அந்தக் கல்லில் ஒரே விஷயம் மூன்று விதமான எழுத்தில் பொறித்திருந்தது. அதை வைத்துத்தான் 1822-ல் ஷாம்போலியன் படஎழுத்தின் பூட்டைத் திறந்தார். எங்களிடம் இரண்டு எழுத்து. ஒரு பக்கம் தாளில் தமிழ், மறுபக்கம் திரையில் சர்க்கஸ். தொப்பி ஏ என்றால் 'ப', பவுண்டு என்றால் 'கி' என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி அட்டவணை போட்டோம். ஒரு ராத்திரியில் 90 எழுத்துக்கு மேல் பிடிபட்டது. தாளில் வராத எழுத்துகளை மற்ற அத்தியாயங்களில் இடம் பார்த்து ஊகித்தோம்.

மாற்றுகிற நிரலை என் மகள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினாள். நூறு வரிகூட இல்லை. ஓட்டினால் தமிழ் வந்தது, ஆனால் கோணல் தமிழ். காரணம் சுவாரசியமானது. பழைய ஃபாண்ட்டுகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுதும். 'கொ' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடு நாம் உச்சரிக்கிற வரிசையில் எழுதும். முதலில் க, அப்புறம் ஒகரம். ஆகவே ஒவ்வொரு கொம்பையும் பிடித்து அடுத்த எழுத்தைத் தாண்டி உட்கார வைக்க வேண்டியிருந்தது. அப்பாவின் 'கௌரவம்' எல்லா இடத்திலும் 'கெளரவம்' ஆகியிருந்தது, ஔகாரக் குறியின் பின்பாதியும் 'ள'வும் பார்வைக்கு ஒன்றாக இருப்பதால். அதைக் கையால் திருத்தினோம். ஓலைச்சுவடியில் புள்ளி இருக்காது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதையெல்லாம் ஊகித்து, ஊர் ஊராக அலைந்து பதிப்பித்த உ.வே.சாமிநாதையரை அன்று இரவு மானசீகமாகக் கும்பிட்டேன். அவர் கைக்கு வந்த ஓலைகள் பல தலைமுறை தாங்கியவை. என் ஃப்ளாப்பி ஒரு தலைமுறைக்கே மூச்சு வாங்குகிறது.

பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது என்பது ஓர் அல்ப ஆறுதல். இங்கிலாந்தில் 1086-ல் ஒரு மன்னன் நாட்டின் சொத்துக் கணக்கை எழுதி வைத்தான். டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். அதன் 900-வது ஆண்டைக் கொண்டாட 1986-ல் பிபிசி, பத்து லட்சம் பேர் வரை சேர்த்துக்கொண்டு, நவீன டூம்ஸ்டே ஒன்றை லேசர் தட்டுகளில் தயாரித்தது. பதினைந்தே வருஷத்தில் அந்தத் தட்டுகளைப் படிக்கும் கருவிகள் அருகிப்போய், மீட்பதற்குத் தனியாக ஆராய்ச்சி நடத்த வேண்டியதாயிற்று. தோலில் மசியால் எழுதிய 1086 மட்டும் ஜம்மென்று இருக்கிறது.

இந்த வேலை நடக்கும்போது என் மகள் என் பழைய பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தாள். அவளுக்குத் தொழிலே வெப் டெவலப்மெண்ட்தான். பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள். கேலி இல்லை, நிஜமான ஆச்சரியம். ஒரு பக்கம் 14 கேபி. அவள் ஆபீஸில் 'வணக்கம்' என்று ஒரு வரி காட்டும் புதிய வேலையைத் தொடங்கினாலே, யார் யாரோ எழுதிய ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் இணையத்திலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். 2016 மார்ச்சில் அப்படியொரு குட்டி நிரலை, வெறும் 11 வரி, எழுதியவர் ஏதோ மனஸ்தாபத்தில் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு வார்த்தைக்கு இடது பக்கம் இடைவெளி நிரப்பும் அற்ப வேலை. அதை நம்பியிருந்த எத்தனையோ கம்பெனிகளின் நிரல்கள் அன்றைக்குக் கட்டியெழும்ப மறுத்தன. கூட்டுக் குடும்பத்தில் உப்பு டப்பாவை யாரோ எடுத்துக்கொண்டு போன கதை.

நவீன கருவிகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் செய்கிற பக்கங்களில் ரயில் டிக்கெட் வாங்கலாம், பணம் அனுப்பலாம். என் பக்கத்தில் எழுத்து ஓடும், அவ்வளவுதான். ஆனால் என் பக்கம் ஏன் இன்றும் திறக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வெப்பை உருவாக்கியபோது பக்கத்தை வெறும் எழுத்தாகவே வைத்தார். நோட்பேடில் திறந்தால் மனிதன் படிக்கலாம். 1993 ஏப்ரல் 30-ம் தேதி செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. யாருக்கும் சொந்தமில்லை, அதனால் யாரும் பூட்ட முடியாது. பிறகு வந்த பிரவுசர்களும் பழைய பக்கம் உடையக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தன. ஓடும் எழுத்தை நிபுணர்கள் எப்போதோ ஒதுக்கிவிட்டார்கள், ஆனாலும் ஓடவிடுகின்றன.

அதே காலத்தில் பணக்கார வெப்சைட்டுகள் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் நடனமாடின. எனக்கும் அதைக் கற்க ஆசைதான், சாஃப்ட்வேர் விலை கட்டுப்படியாகவில்லை. 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு ஃப்ளாஷுக்கு ஆதரவு நின்றது. அந்த நடனங்கள் இன்று பிரவுசரில் திறக்காது. என் ஏழ்மை என்னைக் காப்பாற்றியது. விண்டோஸில் கூடவே வந்த வேர்ட்பேடைக்கூட 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். 1985-ல் முதல் விண்டோஸோடு வந்த நோட்பேட் மட்டும் இன்னும் இருக்கிறது. அது இல்லாமல் போனாலும் கவலை இல்லை, அதில் எழுதிய வெறும் எழுத்தை வேறு எதிலும் திறக்கலாம்.

இதில்தான் சூட்சுமம். கருவி நல்லதா என்று பார்க்கிறோம். கருவி போன பிறகு எழுதியது இருக்குமா என்று பார்ப்பதில்லை. தந்திக்காரருக்கு அந்தக் கேள்வி முதலில் தோன்றியது. தந்தியே 2013 ஜூலையில் இந்தியாவில் நின்றுபோனது. ஆனால் மோர்ஸ் பட்டியல் உலகம் முழுக்க எல்லாரிடமும் இருப்பதால், ஒரு பழைய மோர்ஸ் செய்தியை இன்றும் யாராவது படித்துவிடுவார்கள்.

ஆகவே இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அம்மாவின் சமையல் குறிப்போ தாத்தாவின் கதையோ பழைய தமிழ் ஃபாண்ட்டில் கிடந்தால், ஃபாண்ட் கிடைக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று கேட்டால் சம்மதியுங்கள். அது 1992-ல் கென் தாம்ப்ஸனும் ராப் பைக்கும் நியூ ஜெர்ஸியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் போட்ட திட்டம். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகும், ஆகட்டும். போனில் ஏதாவது ஒரு செயலியில் குறிப்பெழுதுபவரானால், எழுதியதையெல்லாம் வெறும் எழுத்தாக வெளியே எடுக்க முடியுமா என்று இன்றே பாருங்கள். நான் பார்த்தேன். பதினோரு வருஷக் குறிப்புகள், வெளியே எடுக்க வழி மூன்று மெனு தாண்டி ஒளிந்திருந்தது. ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். முக்கியமானதை பிரிண்ட் எடுங்கள். நோட்டுப் புத்தகத்தை மட்டும் பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.

சரி, ஏழாவது அத்தியாயம்.

11 அத்தியாயங்கள் முழுசாக வந்தன. அப்பா தஞ்சாவூர் ஜில்லாவில் சைக்கிள் கற்றது, முதல் சம்பளம், முதல் டிரான்ஸ்ஃபர், அம்மாவைப் பெண் பார்க்கப் போன இடத்தில் பல்லி விழுந்தது எல்லாம் கிடைத்தன. ஏழாவது ஃபைலை எடுக்கும்போது டிரைவ் கரகரவென்று இழுத்து நின்றுவிட்டது. அந்த இடத்தில் தட்டு கெட்டுப்போயிருந்தது. பத்து முறை முயன்றோம். கால்வாசிதான் வந்தது. மாலையிலிருந்து காற்று, ஆபீஸ் ஜன்னல் கதவைக் கயிறு போட்டுக் கட்டியது, லாந்தர் ஏற்றியது. கடைசியில் வந்த வரி இது: 'பத்து மணிக்கு மேல் பாம்பன் லைன் பேசவில்லை.'

அதற்கப்புறம் எண்கூட இல்லை. வெறும் பூஜ்யங்கள்.

நோட்டு இருந்திருந்தால் பச்சை மசியில் அடுத்த வரி இருந்திருக்கும். கையால் புரட்டிப் படித்திருக்கலாம். மகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை அம்மாவிடம் அந்தக் கால்வாசியைப் படித்துக் காட்டினோம். அம்மாவுக்கு 80 தாண்டிவிட்டது. நேற்று சாப்பிட்டது மறக்கும், 1964 மறக்காது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் இல்லம்மா. அழிஞ்சு போச்சு."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "ஆபீஸே கதின்னு கிடந்துட்டு மூணாம் நாள்தான் வீட்டுக்கு வந்தாரு. சோறு வேணாம்னுட்டாரு. குளிச்சிட்டுப் படுத்தவரு, கண்ணை மூடிக்கிட்டே விரலால பாயைத் தட்டிக்கிட்டே இருந்தாரு. என்னங்க பண்றீங்கன்னு கேட்டேன். 'பாம்பனைக் கூப்பிடறேன்'னாரு."

தூக்கத்தில் தட்டுகிற பழக்கம் அன்றைக்கு ஆரம்பித்ததுதானாம். வேலை முற்றிப்போன பழக்கம் என்று நான் இத்தனை வருஷமாக எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லி வந்திருக்கிறேன்.

மகள் லேப்டாப்பைத் திறந்தாள். ஏழாவது அத்தியாயம் அறுந்த இடத்தில் ஒரு வரி விட்டு, 'பாட்டி சொன்னது' என்று தலைப்புப் போட்டு, அம்மா சொன்னதை அப்படியே டைப் அடித்தாள். நோட்பேடில், யூனிகோடில். சேமித்துவிட்டு, பிரிண்ட் எடுக்கத் தாள் இருக்கிறதா என்று கேட்டாள்.

"எத்தனை காப்பி?" என்றாள்.

மூன்று என்றேன்.